மேல்மாடி ஞாபகம் இல்லாத டாக்டர்

ஊட்டிக்கு நம்மவர்கள் எதற்குப் போகிறார்கள்? ஹனிமூன். ஆபீஸ் டூர். சினிமா டூயட் (இது எப்போதோ சுவிட்சர்லாந்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது). மே மாசத்து வியர்வை தாங்காமல் ஓடுவது. திரும்பும்போது ஒரு கிலோ வர்க்கி, கால் கிலோ டீத்தூள், ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம். அந்தத் தைலத்தை முழுசாகத் தீர்த்த ஆசாமி ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

1901-02 வாக்கில் ஒரு இங்கிலீஷ் டாக்டர், இந்தக் காரணங்களில் ஒன்றுகூட இல்லாமல் ஊட்டிக்கு வந்தார். முப்பத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை. நிறையத் திக்கும். தோடர்களுடைய மந்துகளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு, 'உன் தாத்தாவின் தங்கையை எங்கே கொடுத்தார்கள், அவளுக்கு எத்தனை பிள்ளை' என்று கல்யாணத் தரகர் மாதிரி நாள் பூராவும் கேள்வி கேட்டார். சில மாதங்களில் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தத் தோடர் இனத்தின் வம்சாவளியையும் எழுதி முடித்துவிட்டார். அப்போது அவர்கள் மொத்தமே எண்ணூறு பேர் சுமார்.

பெயர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். பதினைந்து வருஷம் கழித்து, முதல் உலக யுத்தத்தில் புத்தி பேதலித்துப் போனதாக முத்திரை குத்தப்பட்ட ராணுவ அதிகாரிகளை எதிரே உட்கார வைத்து, வெறுமனே பேசிப் பேசியே தேற்றியவர் இவர்தான். இன்றைக்கு 'ட்ராமா' என்கிறார்களே, அந்த வைத்தியத்தின் முன்னோடிகளில் ஒருவர். (நம் வீட்டில் இதை 'என்னடா டிராமா போடறே' என்பார்கள். உச்சரிப்பில் கொஞ்சம்தான் வித்தியாசம். அணுகுமுறையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.)

ஊட்டியில் ஆரம்பித்து மனக்காயத்தில் முடிந்த இவருடைய பிரயாணம் ரொம்ப சுவாரஸ்யமானது.

தோடர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போன தம் உறவினரின் பெயரைத் தாமே சொல்ல மாட்டார்கள். வம்சாவளி எழுத வந்தவனுக்கு இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வேண்டுமா? ரிவர்ஸ் என்ன செய்தார் என்றால், இந்தக் குடும்பத்துக் கதையை அந்தக் குடும்பத்திடமும், அந்தக் குடும்பத்துக் கதையை இந்தக் குடும்பத்திடமும் கேட்டார். இரண்டு மூன்று பேரிடம் வாங்கி ஒத்துப் பார்த்தார். பி.காம். படித்த எனக்கு இந்த இடத்தில் புல்லரித்தது. வவுச்சரையும் லெட்ஜரையும் டிக் அடித்து டிக் அடித்து ஒத்துப் பார்ப்பதற்கு எங்களுக்கு மூன்று வருஷம் பாடம் நடத்தினார்கள். மனுஷன் மந்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தானாகவே கண்டுபிடித்துவிட்டார்.

1906இல் 'தி டோடாஸ்' என்று எழுநூறு பக்கத்துக்கு மேல் புத்தகம் வந்தது. எருமைப் பால்மனைதான் கோயில், பால் கறந்து மோர் கடைகிறவர்தான் பூசாரி என்பதிலிருந்து, அண்ணன் தம்பி அத்தனை பேருக்கும் ஒரே மனைவி, பிரசவத்துக்கு ஓரிரு மாசம் முன்னால் யார் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுக்கிறானோ அவனே பிள்ளைக்குத் தகப்பன் என்பது வரை எல்லாம் இருக்கிறது. (அது அந்தக் காலம். இப்போது மந்தில் போய் விசாரித்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.)

எனக்குப் பிடித்தது சாவுச் சடங்கு பற்றிய பகுதி. அந்த நாளில் தோடர்களுக்கு ஒரு சாவுக்கு இரண்டு ஈமச்சடங்கு. தகனம் ஆனதும் ஒன்று. எரித்ததில் கொஞ்சம் மிச்சம் எடுத்து வைத்திருந்து, மாதக்கணக்கில் கழித்து ஊரைக் கூட்டி இன்னொன்று. அதாவது, துக்கத்துக்கு இரண்டு தவணை. அந்தக் கூட்டத்தில் ஆணும் பெண்ணும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, நெற்றியோடு நெற்றியை முட்டிக்கொண்டு அழுவார்கள். ஒருவரோடு அழுது முடித்ததும் எழுந்துபோய் இன்னொருவரோடு. தனியாக மூலையில் உட்கார்ந்து அழ விடுகிற பேச்சே இல்லை.

இது பிற்காலத்தில் தன் வைத்தியத்துக்கு உதவியது என்று ரிவர்ஸ் எழுதியதாக நான் பார்க்கவில்லை. நானாகத்தான் முடிச்சுப் போடுகிறேன். ஆனால் ஒன்று, அழுகைக்கென்று ஒரு முறையும் இடமும் வைத்திருக்கிற சமூகத்தை உட்கார்ந்து பார்த்தவர் அவர். தவிர, மந்தில் கிடைத்த இன்னொரு அனுபவம் லேசானது அல்ல. ரகசியமான பால்மனைச் சடங்குகளை அவருக்குச் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார். இன்னொருவருக்கு மனைவி இறந்துபோனாள். குறி சொல்கிறவர்கள், 'வெளியாளிடம் ரகசியத்தைச் சொன்னதால் தெய்வங்களுக்குக் கோபம்' என்று சொல்லிவிட, அதற்குப் பிறகு பேசுவதற்கே ஆட்கள் தயங்கினார்கள். ரிவர்ஸ் இதை மூடி மறைக்கவில்லை. புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். ஒரு மனுஷனைப் பேச வைப்பதற்கு விலை உண்டு, அதைக் கொடுப்பவன் கேட்பவன் இல்லை என்பது ஊட்டிக் குளிரிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசாமியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1864இல் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் பிறந்தவர். அப்பா பாதிரியார், திக்குவாயைக் குணப்படுத்தும் வைத்தியமும் பார்த்தார். தாய்மாமன் அதே வைத்தியத்தில் பேர் போனவர். இரண்டு நிபுணர்கள் வீட்டிலேயே இருந்தும் பிள்ளைக்குத் திக்கு போகவில்லை! (வாத்தியார் பிள்ளை மக்கு என்று நாம் சும்மாவா சொல்கிறோம்.) ஆனால் இந்தப் பிள்ளை மக்கு இல்லை. இருபத்திரண்டு வயசில் டாக்டர். கொஞ்ச நாள் கப்பலில் டாக்டர். அப்புறம் கேம்பிரிட்ஜில் மனோதத்துவ வாத்தியார். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆராய்ச்சிக் குழுவோடு போனார். கூடவே இரண்டு சிஷ்யர்கள், மையர்ஸ், மெக்டூகல். பின்னால் யுத்தம் வந்தபோது மூன்று பேருமே குண்டு அதிர்ச்சி கண்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்பது ஆச்சரியம். 'ஷெல் ஷாக்' என்ற வார்த்தையை 1915இல் மருத்துவப் பத்திரிகையில் முதன்முதலாக அச்சேற்றியவரே மையர்ஸ்தான்.

ஊட்டியிலிருந்து திரும்பிய கையோடு 1903இல் ரிவர்ஸ் செய்த ஒரு காரியத்தை நம் ஊரில் செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். ஹென்றி ஹெட் என்று ஒரு நண்பர், நரம்பு டாக்டர். அறுந்த நரம்பு மறுபடி வளரும்போது உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். நோயாளிகளைக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சரி என்று தன் இடது முழங்கையருகே நரம்பைத் தானே வெட்ட வைத்துக்கொண்டார்! அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு மேல், வாராவாரம் கேம்பிரிட்ஜுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். ரிவர்ஸ் குண்டூசியால் குத்துவார், பஞ்சால் தடவுவார், சூடு வைப்பார், ஐஸ் வைப்பார். முதலில் மொட்டையான, தாங்க முடியாத வலி மட்டும் திரும்பி வந்ததாம். எங்கே, எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய உணர்ச்சி ரொம்ப நாள் கழித்துத்தான் வந்ததாம்.

மனசுக்கும் இது பொருந்துமோ என்று கேட்காதீர்கள். ரிவர்ஸ் பிற்காலத்தில் அப்படித்தான் யோசித்தார்.

1914இல் யுத்தம் வந்தது. பதுங்கு குழியில் வாரக்கணக்கில் சேற்றில் நின்று, தலைக்கு மேலே குண்டு விழுந்து, பக்கத்தில் நின்று பீடி, மன்னிக்கவும், சிகரெட் கேட்டவன் அடுத்த நிமிஷம் இல்லாமல் போய்... மனுஷர்கள் உடைந்தார்கள். சிலருக்குப் பேச்சு வரவில்லை. சிலருக்குக் கால் நடக்கவில்லை. எலும்பில் ஒரு பழுதும் இல்லை. ராணுவத்துக்கு இதெல்லாம் கோழைத்தனம், அல்லது நடிப்பு. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 பேரைப் பிரிட்டிஷ் ராணுவமே சுட்டுக் கொன்றது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ! 2006இல் மன்னிப்பு வழங்கினார்கள். தொண்ணூறு வருஷத் தாமதம்.

வைத்தியம் என்ற பெயரில் நடந்தது அதற்குக் குறைந்ததில்லை. லண்டனில் யீலண்ட் என்று ஒரு டாக்டர். பேச்சு நின்றுபோன சிப்பாயை நாற்காலியில் கட்டி, அறைக் கதவைப் பூட்டி, தொண்டைக்கு மின்சாரம் வைத்தார். பேசினால்தான் வெளியே போகலாம். மணிக்கணக்கில் இந்தக் கூத்து நடந்து, சிப்பாய் பேசினான். டாக்டருக்கு நன்றிகூடச் சொன்னான். இதையெல்லாம் 1918இல் புத்தகமாகவே போட்டுக்கொண்டார், வெற்றிக் கதை என்று.

ரிவர்ஸ் 1915இல் லிவர்பூல் அருகே மகல் ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மறுவருஷம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்கார்ட் என்ற இடத்துக்குப் போனார். முன்பு அது ஒரு நீர் சிகிச்சை ஹோட்டல். யுத்தத்துக்காக அதிகாரிகளின் ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். ராத்திரியானால் தாழ்வாரம் பூராவும் அலறல் கேட்கும். பகலில் பார்த்தால் எல்லோரும் கோல்ஃப் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

அங்கே வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒரே மருந்தைச் சாப்பிட்டு வந்தவர்கள். 'அதை நினைக்காதே. மறந்துடு. நல்ல புத்தகம் படி. அழகான காட்சிகளைப் பார்.' டாக்டர் சொன்னது அதுதான். மேலதிகாரி சொன்னதும் அதுதான். வீட்டிலும் அதையே சொன்னார்கள். பையன்களும் பகலெல்லாம் பல்லைக் கடித்து மறந்தார்கள். ராத்திரி அது வட்டியோடு திரும்பி வந்தது.

ரிவர்ஸ் சொன்னது இதற்கு நேர் எதிர். நினை. ஆனால் இருபத்திநாலு மணி நேரமும் அதிலேயே முங்கிக் கிடக்காதே; பகலில் கொஞ்ச நேரம், என்னோடு உட்கார்ந்து நினை. அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது, ஹிப்னாடிஸம்கூட வேண்டாம் என்று வைத்துவிட்டார். ஃப்ராய்டை மதித்துப் படித்தவர்தான். ஆனாலும் எல்லாவற்றுக்கும் காமமே மூல காரணம் என்பதை இந்தப் பையன்கள் விஷயத்தில் அவர் ஏற்கவில்லை. செத்துவிடுவோமோ என்ற பயமும், பயந்தோமே என்ற வெட்கமும் போதாதா ஒருவனை உடைக்க?

1917 டிசம்பரில் லண்டனில் டாக்டர்கள் சபையில் அவர் வாசித்த கட்டுரையில் ஒரு கேஸ் வருகிறது. ஓர் இளம் அதிகாரி. நண்பனைத் தேடி யுத்த களத்துக்குள் போயிருக்கிறான். கிடைத்தது குண்டில் சிதறிய உடம்பு. தலை வேறு, கை கால் வேறு. அன்றிலிருந்து தினமும் கனவில் அந்த நண்பன் அதே கோலத்தில் வந்தான். தூங்கப் பயந்து இரவெல்லாம் விழித்திருந்தான் பையன். 'மறந்துடு' மருந்து ஒரு துளிகூட வேலை செய்யவில்லை.

ரிவர்ஸ் அவனை உட்கார வைத்து முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். உடம்பு அந்த அளவுக்குச் சிதறியிருக்கிறது என்றால் உன் நண்பன் அந்த நொடியிலேயே போய்விட்டான் என்று அர்த்தம். மணிக்கணக்கில் வலியில் கிடந்து, தண்ணீர் தண்ணீர் என்று முனகிச் சாகிற கொடுமை அவனுக்கு நேரவில்லை.

பையனின் முகம் மாறியது. இனி அதை மறக்க முயல மாட்டேன், நினைக்கும்போது இதையும் சேர்த்து நினைப்பேன் என்றான். பல ராத்திரி கனவே வரவில்லை. அப்புறம் ஒருநாள் வந்தது. களத்தில் நண்பனைத் தேடிப் போகிறான். அதே சிதைந்த உடம்பு. ஆனால் இந்தத் தடவை அலறவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய பொருட்களை எடுத்து வைக்கிறான். விழித்தபோது பயம் இல்லை. துக்கம் இருந்தது.

பயத்தைத் துக்கமாக மாற்றியதுதான் அங்கே நடந்த வைத்தியம். கணக்குப் பாஷையில் சொன்னால், தவறான தலைப்பில் கிடந்த தொகையைச் சரியான தலைப்புக்கு மாற்றி ஒரு ஜர்னல் எண்ட்ரி. தொகை ஒரு பைசா குறையவில்லை.

எல்லாம் ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கட்டுரையில் தோற்ற கேஸையும் எழுதியிருக்கிறார். குண்டு வெடித்ததில் தூக்கி எறியப்பட்ட ஓர் அதிகாரி, பல நாளாகிப் போன எதிரிச் சடலம் ஒன்றின் வயிற்றின் மேல் முகம் பதிய விழுந்திருக்கிறார். மேற்கொண்டு நான் எழுதவில்லை, டிபன் நேரமாக இருக்கலாம். இந்த ஞாபகத்தில் பிடித்துக்கொள்ள ஆறுதலான மூலை ஒன்றுகூட இல்லை என்று ரிவர்ஸே ஒப்புக்கொள்கிறார். ராணுவத்தை விட்டுவிட்டுக் கிராமத்துப் பக்கம் போய் இருங்கள் என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை அவருக்கு. தன் மருந்து பலிக்காத இடத்தைச் சபையில் எழுந்து சொல்கிற டாக்டரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆஸ்பத்திரிக்கு 1917 ஜூலையில் ஒரு விசேஷ நோயாளி வந்தார். சீக்ஃப்ரீட் சஸூன், கவிஞர், வீரத்துக்குப் பதக்கம் வாங்கியவர். இந்த யுத்தம் நிறுத்தக்கூடியது, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள், இனி நான் சண்டை போட மாட்டேன் என்று பகிரங்க அறிக்கை விட்டார். பார்லிமெண்டிலேயே வாசித்தார்கள். கோர்ட் மார்ஷல் செய்தால் தியாகி ஆகிவிடுவார். அதனால், 'பாவம், மூளைக் கோளாறு' என்று ரிவர்ஸிடம் அனுப்பிவிட்டார்கள். அரசாங்கங்களுக்கு இந்த சாமர்த்தியம் எல்லாக் காலத்திலும் உண்டு.

இங்கேதான் ரிவர்ஸின் பாடு திண்டாட்டம். எதிரே இருப்பவனுக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிகிறது. அவன் சொல்வதில் நியாயமும் தெரிகிறது. ஆனால் தான் போட்டிருப்பதோ ராணுவ கேப்டன் உடுப்பு. தன் வேலை இவனைத் தேற்றி மறுபடி யுத்தத்துக்கு அனுப்புவது. குணமானால் சாகப் போகலாம், குணமாகாவிட்டால் உயிரோடு இருக்கலாம்! இப்படி ஒரு ஆஸ்பத்திரி. சஸூனுடன் பேசியது தன்னையே அசைத்ததை, தன் சொந்தக் கனவுகளை அலசிய புத்தகத்தில் ரிவர்ஸ் எழுதினார். அவர் போனபின் 1923இல் வெளிவந்தது. சஸூன் கடைசியில் தானாகவே யுத்தத்துக்குத் திரும்பினார். தன் ஆட்களை விட்டுவிட்டுப் பத்திரமாக இருக்க முடியவில்லை என்பதுதான் காரணம். பிழைத்து, 1967 வரை இருந்தார். அதே ஆஸ்பத்திரியில், ப்ராக் என்ற வேறொரு டாக்டரிடம் இருந்தவர் வில்ஃப்ரெட் ஓவன் என்ற இளம் கவிஞர். ப்ராக்கின் பாணி வேறு: சும்மா உட்காராதே, தோட்டம் போடு, நட, பத்திரிகை நடத்து. ஓவன் ஆஸ்பத்திரிப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார், குணமானார், திரும்பிப் போனார். 1918 நவம்பர் 4ஆம் தேதி சுடப்பட்டு இறந்தார். யுத்தம் முடிந்தது 11ஆம் தேதி.

சரி, நூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? எனக்கு ஒரு நண்பன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், கம்பெனி எதுவும் வேண்டாம்.

பல வருஷம் முன்னால் அவன் ஆபீஸ் டூர். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு வேனில் இறங்குகிறார்கள். 36 கொண்டை ஊசி வளைவு. நம்ம ஆளுக்கு வயிற்றைப் புரட்டியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனிடம் சீட் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். அவன் எழுந்து முன்சீட்டுக்குப் போனான். அடுத்த சில வளைவுகளில் பிரேக் பிடிக்கவில்லை. முன்சீட்டுக்காரன் பிழைக்கவில்லை.

நண்பனுக்கு நெற்றியில் நாலு தையல். மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். ஆபீஸில் ஆளுக்கு ஆள் முதுகில் தட்டிச் சொன்னது என்ன தெரியுமா? 'விட்றா மச்சான். நினைக்காதே. மறந்துடு.' கிரெய்க்லாக்கார்ட் மருந்து நுங்கம்பாக்கத்திலும் கிடைக்கிறது. சாயங்காலம் ஒரு பீரும் சேர்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவனும் மறந்தான், எட்டு வருஷம். வேன் என்றால் ஏற மாட்டான். எந்த பஸ்ஸிலும் யாராவது 'சீட் மாத்திக்கலாமா ஸார்' என்று கேட்டால் உள்ளங்கை வியர்த்து இறங்கிவிடுவான். கோயமுத்தூர் பிராஞ்சுக்கு மேனேஜர் பதவி வந்தபோது வேண்டாம் என்றான். மலை தெரிகிற ஊர். கல்யாணமான பிறகுதான், ராத்திரி அலறலைக் கேட்ட மனைவி, பெரியம்மா பேச்சைக் கேட்டு முதலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினாள், அப்புறம் கவுன்சலர் ஒருத்தரிடம் இழுத்துக்கொண்டு போனாள். (தாயத்தை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. ரிவர்ஸும் செய்ய மாட்டார். மெலனீசியத் தீவுகளில் மந்திரவாதிகளின் வைத்தியத்தை ஆராய்ந்தவர் அவர். அவர்களுடைய நம்பிக்கையை ஒத்துக்கொண்டால் அதற்கு மேல் அவர்கள் செய்வதெல்லாம் தர்க்கப்படி சரியாகவே இருக்கிறது என்று எழுதினார்.)

அந்த அம்மாள் முதல் நாலு வாரம் விபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். தூக்கம், சாப்பாடு, மூச்சு, தினம் அரைமணி நடை. இதெல்லாம் கொஞ்சம் நிலைக்கு வந்த பிறகு ஒருநாள் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வேனில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று வரையச் சொன்னார். இவன் பதினாலு சீட்டையும் வரைந்தான். பதிமூன்றில் பெயர் எழுதினான். பதினாலாவதில் பேனா நின்றுவிட்டது. அங்கேதான் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அழுதிருக்கிறான்.

அப்புறம், யாரும் சொல்லாமலே, இறந்தவன் வீட்டுக்குப் போனான். அவன் அம்மா தோசை வார்த்துப் போட்டாள். இவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சீட் மாற்றிய விஷயத்தைச் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். 'அவனுக்கு முன்சீட்டுன்னா சின்ன வயசிலேர்ந்து உசுருப்பா. நீ கேக்காட்டியும் போயிருப்பான்' என்றாளாம்.

"அது நிஜமா, என்னைத் தேத்தறதுக்காகச் சொன்னாங்களான்னு இன்னிவரைக்கும் தெரியலைடா" என்றான் என்னிடம். இப்போது பஸ்ஸில் போகிறான். வேன் இன்னும் இல்லை.

நீலகிரி மலைக்கே இப்படி ஒரு பழைய காயம் உண்டு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீத் தோட்டங்களில் வயசானவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நாலாவது வாக்கியத்தில் கண்டியோ ஹட்டனோ நுவரெலியாவோ வரும். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறீமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நாடற்ற தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்தப் பாக்கியையும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். எழுபத்தையாயிரம், எழுபத்தையாயிரம். கணக்கு கச்சிதமாக டேலி ஆகிறது. தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது கரையில் அண்ணன் நின்றான், கப்பலில் தம்பி இருந்தான் என்பதற்கு மட்டும் எந்தப் பத்தியிலும் இடமில்லை.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழக அரசு இங்கே தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. டான்டீ என்கிறோமே, அதுதான். வேலை கிடைத்தது, லயன் வீடு கிடைத்தது. அவர்களிடம், 'அங்கே என்ன விட்டுட்டு வந்தீங்க' என்று சாவகாசமாகக் கேட்க ஓர் ஆளை அரசாங்கம் நியமித்ததாகத் தெரியவில்லை. அப்படி ஒரு போஸ்ட் எந்தக் காலத்திலும் சாங்ஷன் ஆவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்ட ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்து மனநல டாக்டர் தயா சோமசுந்தரம். யுத்தம் நடக்கும்போதே அங்கே இருந்து வைத்தியம் பார்த்தவர். 'முறிந்த பனை' புத்தகத்தை எழுதிய நால்வரில் ஒருவர். அந்த நால்வரில் இன்னொருவரான டாக்டர் ரஜினி திராணகம, 1989 செப்டம்பர் 21ஆம் தேதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சக எழுத்தாளரையே பறிகொடுத்த டாக்டர், மற்றவர்களின் இழப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் கண்டது: மேல்நாட்டுப் பாடப் புத்தகம் தனி மனுஷனின் காயத்தைப் பற்றிப் பேசுகிறது, இங்கேயோ ஊரே காயப்பட்டிருக்கிறது. ஊருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. அதனால் ஆசிரியர்களுக்கும் கிராமத்து சுகாதார ஊழியர்களுக்கும் தமிழில் கையேடு எழுதிப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், இந்துவுக்கு மந்திர ஜபம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்கு அவர் தொழுகைச் சொல். நோயாளிக்கு ஏற்கெனவே எது பழக்கமோ அதுவே மருந்து. காணாமல் போனவர்களின் குடும்பங்கள்தான் எல்லாரையும்விடச் சிரமப்பட்டன. உடம்பு கிடைக்கவில்லை, கருமாதி செய்தால் செத்துவிட்டான் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி, செய்யாவிட்டால் அழுகை தொண்டையிலேயே நிற்கிறது. சடங்கு என்பது மனசுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். படிக்கும்போது எனக்கு அந்த நெற்றி முட்டிய தோடர்கள் ஞாபகம் வந்தார்கள்.

நமக்கும் ஒப்பாரி இருந்தது, பதினாறாம் நாள் இருந்தது. கட்டிப்பிடித்து அழுகிற வழக்கம் பெண்களுக்காவது இருந்தது. ஆண்களாகிய நாம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம். இப்போது செல்போன்.

யாருக்காவது உபயோகப்படும்: 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது. 'டெலி மனஸ்' என்று மத்திய அரசு 2022இல் ஆரம்பித்தது. காசு கிடையாது. தமிழில் பேசலாம்.

தலைப்பு பாக்கி இருக்கிறது. ரிவர்ஸுக்கு ஒரு விசித்திரக் குறை. விழித்திருக்கும்போது எதையும் மனக்கண்ணில் பார்க்க வராது. அம்மா முகத்தை நினைத்துப் பாருங்கள் என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரியுமே, அது அவருக்குத் தெரியாது. சின்ன வயசில் அப்படி இல்லை என்று அவரே நம்பினார். ஐந்து வயசு வரை குடியிருந்த வீட்டின் கீழ்த்தளம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த அறை எங்கே என்று சொல்வார். மேல்மாடி மட்டும் அடியோடு இல்லை. மாடி என்று ஒன்று இருந்தது தெரியும். எப்படி இருந்தது என்று தெரியாது. அங்கே ஏதோ நடந்திருக்க வேண்டும், அதை மறைக்கத்தான் மனசு அந்தத் தளத்தையே இழுத்து மூடிவிட்டது என்று சந்தேகப்பட்டார். 1920இல் வந்த புத்தகத்தில் இதைத் தன் மேலேயே ஒரு கேஸாக எழுதி வைத்தார். தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் போட்டுப் பார்த்தும் கதவு திறக்கவில்லை.

1922இல் லேபர் கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நிற்கச் சம்மதித்திருந்தார். அந்தத் திக்குவாயோடு மேடைப் பிரசாரம்! அதற்குள் ஜூன் 4ஆம் தேதி, குடலிறக்கம் முற்றி, ஐம்பத்தெட்டு வயசில் கேம்பிரிட்ஜில் காலமானார். சஸூன் பிற்பாடு தன் கதையை நாவலாக எழுதியபோது, எல்லோருக்கும் புனைபெயர் வைத்தார், தனக்கும்கூட. டாக்டருக்கு மட்டும் ரிவர்ஸ் என்றே நிஜப் பெயரை விட்டுவைத்தார்.